பள்ளத்தில் கேட்ட பாட்டு: 2024-ஆம் ஆண்டுத் திரைப்பாடல்கள் ஒரு மதிப்பீடு

சங்க மலர் ஒன்றில் திரைப்பாடல்களைப் பற்றிக் கட்டுரை வரைதல் தகுமா என்று வினவும் பெரியோர் இன்றும் உளர். குறளும் சிலம்பும் கம்பனும் அணிசெய்யும் பக்கங்களுக்கிடையே கொட்டகைப் பாட்டுக்கு என்ன வேலை என்பது அவர்தம் வினா. வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் தொல்காப்பியனார் தம் செய்யுளியலில் பண்ணத்தி என்னும் இசைப்பாட்டு வகைக்கும் இடம் அளித்தார். இளங்கோவடிகளோ, செங்குட்டுவனின் வடதிசைச் செலவைச் சொல்லி முடித்த பின்னர், வாழ்த்துக் காதையில் அம்மானை ஆடும் மகளிரையும் பந்தடிக்கும் மகளிரையும் ஊசலாடும் மகளிரையும் உலக்கை பிடிக்கும் மகளிரையும் வரிசையாகப் பாடவைத்தார். மக்கள் வாயில் புழங்கும் பாட்டைப் பழம்புலவர் ஒதுக்கித் தள்ளவில்லை. தம் காப்பியத்திற்குள் அழைத்து உட்காரவைத்தனர். இத்துணிவைப் பற்றுக்கோடாகக் கொண்டு 2024-ஆம் ஆண்டில் தமிழ் மக்கள் பெரிதும் விரும்பிக் கேட்ட பாடல்கள் சிலவற்றை ஈண்டு எடுத்து நோக்குவோம்.

நாம் நோக்கும் இடம் கோரமண்டல். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளைப்பாதையில் இரயில் நிற்கும் சிறு நிலையம் இது. சோழமண்டலம் என்னும் பெயர் ஐரோப்பியர் நாவில் உருமாறிக் கோரமண்டல் ஆயிற்று என்பர். கடற்கரைக்கு உரிய அப்பெயர் கடலைக் காணாத இச்செம்மண் மேட்டில் ஒரு சுரங்கத்தின் பெயராக வந்து தங்கிவிட்டது. பெயரைப் போலவே நாமும் வந்து தங்கியவர்கள்தாம். 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கம் தோண்டத் தொடங்கிய காலந்தொட்டு வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து ஏழைக் குடும்பங்கள் இங்கு வந்து லைன் வீடுகளில் குடியேறின. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாளோடு பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பணி நின்றது. இன்று நம்மவருள் பலர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். போகும்போதும் வரும்போதும் காதில் பாட்டு.

இங்குதான் ஒரு செய்தி நம் கருத்தைக் கவர்கின்றது. நம் பிள்ளைகளுள் பலர் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கின்றனர்; தமிழ் பேசுவர், எழுதப் படிக்க இயலாதவர் பலர். அவர்கட்குத் தமிழ்ப் பாடநூல் எது? திரைப்பாட்டே. உவமையைக் கற்பதும் அதில்; பழைய சொல் ஒன்றைக் கேட்டுப் பாட்டியிடம் பொருள் வினவுவதும் அதனால். சென்னையில் வாழ்வோர்க்குத் திரைப்பாடல் பொழுதுபோக்காக இருந்துவிட்டுப் போகலாம். நமக்கு அது பாட்டன் மொழிக்கும் பேரன் செவிக்கும் இடையே எஞ்சி நிற்கும் வழிகளுள் ஒன்று. பாடநூலை மதிப்பிடுவோன் காட்டும் கடுமையை நாம் இங்குக் காட்டினால் அன்பர்கள் பொறுத்தருள்க.

அவ்வாண்டின் ஆரவாரப் பாடல்களை முதலில் விரைந்து பார்த்துவிடுவோம். 'அரண்மனை 4' படத்தின் 'அச்சச்சோ' திருமண வீடுதோறும் ஒலித்தது. ஹிப்ஹாப் தமிழாவின் இசை கால்களை எழுப்பியது. சொற்கள் காதைக் கடந்து உள்ளே போகவில்லை. மதன் கார்க்கி எழுதி விஜய் பாடிய 'விசில் போடு' நாயகர் ஒருவரின் திருவிழா முழக்கம். திருவிழா முடிந்ததும் முழக்கத்தை யார் நினைவில் வைத்திருப்பர்? 'ராயன்' படத்தில் கானா காதர் எழுதிய 'வாட்டர் பாக்கெட்' இவ்விரண்டினும் மேலானது. பெட்டிக்கடை முகப்பில் தொங்கும் தண்ணீர்ப் பொட்டலத்தைப் பாட்டின் முகப்பிலேயே வைக்கும் துணிவு வடசென்னைக் கானா மரபுக்கே உரியது. சந்திரனையும் தாமரையையும் தேடிப் போகாமல் கையெட்டும் தூரத்தில் கிடக்கும் பொருளை எடுத்து ஆள்வது நாட்டுப்புறக் கவியின் இயல்பு. ஏ. ஆர். இரகுமான் அப்பாட்டைச் சந்தோஷ் நாராயணனிடம் பாடக் கொடுத்தமை நல்ல தேர்வு. தாமே இசையமைப்பாளராகிய ஒருவர் மற்றோர் இசையமைப்பாளர்க்குக் கட்டுப்பட்டுப் பாடும்போது ஒரு விளையாட்டுத்தன்மை வந்துவிடுகின்றது. உடன்பாடும் சுவேதா மோகனின் குரல் அவ்விளையாட்டுக்கு ஈடுகொடுக்கின்றது.

'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ' தமிழும் மலையாளமும் விரவிய பாட்டு. மொழிக்கலப்பு என்று இதனைச் சிலர் கடிந்தனர். நாம் அவ்வாறு கடியத் துணியோம். தங்கவயலில் ஒரு தெருவைக் கடப்பதற்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எனப் பல மொழியும் நம் நாவில் ஏறி இறங்கும். எனினும் ஒரு வேறுபாட்டைச் சுட்டாமல் இருத்தல் இயலாது. நம் தெருவின் கலப்பு பிழைப்பிலிருந்து வந்தது. பக்கத்தில் நின்று பாறை உடைத்தவனுக்குச் சொல் புரியவேண்டும் என்னும் தேவையிலிருந்து வந்தது. அப்பாட்டின் கலப்போ ஒரு சொல் ஒட்டிக்கொள்ளட்டும் என்பதற்காக வந்தது. ஒட்டிக்கொள்ளவும் செய்தது, அவ்வளவே.

அப்பாட்டில் மொழியினும் பெரிய செய்தி குரல். 2011-ஆம் ஆண்டு மறைந்த மலேசியா வாசுதேவனின் குரலைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் மீட்டு அதில் ஒலிக்கச் செய்தனர். அவர்தம் மைந்தர் யுகேந்திரனும் உடன் பாடியுள்ளார். இது தனித்த நிகழ்ச்சி அன்று. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாட்டில், 2022-இல் மறைந்த பம்பா பாக்கியாவும் அதற்கு நெடுங்காலம் முன்பே மறைந்த சாகுல் ஹமீதும் இவ்வாறே திரும்பி வந்தனர். குடும்பத்தாரின் இசைவு பெற்று உரிய ஊதியமும் அளித்ததாக இரகுமான் அறிவித்தார், அந்நாணயம் பாராட்டுக்குரியது. 2024 ஜனவரி 25-இல் மறைந்த பவதாரிணியின் குரல் ஐந்து திங்களுக்குள், தம்பி யுவன்சங்கர் ராஜா இசையமைத்த 'சின்னச் சின்னக் கண்கள்' பாட்டில் கேட்டது. எழுதியவர் கபிலன் வைரமுத்து.

இறந்தோர் பாடும் ஆண்டு என்று 2024-ஐச் சுட்டினால் மிகையாகாது. இதனை எங்ஙனம் மதிப்பிடுவது? தமக்கையை இழந்த தம்பி அவள் குரலைத் தேடிய செயலில் நாம் குற்றம் காண மாட்டோம். அப்பாட்டின் தாலாட்டுத் தன்மை அத்துயரைத் தாங்கிக்கொள்ளும் அளவு மென்மையானது. மலேசியா வாசுதேவன் நிலை வேறு. மலேசியாவில் பிறந்து, அங்கிருந்து சென்னைக்கு வந்து, 1977-இல் '16 வயதினிலே' படத்தால் தமிழ்நாடு முழுதும் அறிந்த பாடகராயினார் அவர். அவர் குரலில் புழுதியும் வியர்வையும் இருந்தன. மூச்சு எங்கே முறியவேண்டும், சொல்லை எங்கே தேய்த்து விடவேண்டும் என்பனவற்றை அவரே அவ்வப்போது முடிவு செய்தார். மீட்ட குரலில் நாதம் இருக்கின்றது, அம்முடிவுகள் இல்லை. படத்தைப் பார்த்துத் தாத்தாவின் சாயல் என்று மகிழலாம். படம் நம்மை ஏசுமா?

காதற் பாடல்களுள் 'அமரன்' படத்தின் 'ஹே மின்னலே' நின்று நிலைக்கத் தக்கது. ஜி. வி. பிரகாஷ்குமார் இசையில், கார்த்திக் நேத்தாவின் சொற்களை ஹரிசரணும் சுவேதா மோகனும் பாடினர். காஷ்மீரில் 2014-இல் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கையைத் தழுவிய படம் அது. கணவன் எல்லையிலும் மனைவி மனையிலும் இருக்க, தொலைபேசியே இல்லறமாகிய குடும்பத்தின் பாட்டாகக் கேட்கும்போது, பிழைப்பிற்காகப் பிரிந்து வாழும் எந்தக் குடும்பத்திற்கும் அது பொருந்திவிடுகின்றது. பொருள்வயிற் பிரிவு என்னும் பழந்துறையின் இன்றைய வடிவம் எனலாம். படமே இல்லாமல் பாட்டு மட்டுமாக வந்து இளைஞரைக் கவர்ந்த சாய் அபயங்கரின் 'ஆச கூட' புதுப்போக்கு ஒன்றைக் காட்டுகின்றது. திரைநாயகரின் தோளில் ஏறாமலும் பாட்டு நடக்கும் என்பது நல்ல செய்தியே. சொல்லளவில் அது இளமை மயக்கத்தைத் தாண்டவில்லை.

இனி நாம் சொல்ல வந்த பொருளின் நடுவிடத்திற்கு வருவோம். 2024-இல் தமிழர் நெஞ்சை உலுக்கிய பாட்டு 2024-இல் பிறந்ததன்று. தமிழ்ப் படத்திலிருந்து வந்ததும் அன்று. பிப்ரவரித் திங்களில் வெளிவந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்னும் மலையாளப் படம், 1991-ஆம் ஆண்டின் 'குணா' படத்துக் கடிதப் பாட்டைத் தன் உச்சக் காட்சியில் ஒலிக்கவிட்டது. வாலி இயற்றி, இளையராஜா இசையமைத்து, கமல்ஹாசனும் எஸ். ஜானகியும் பாடிய அப்பாட்டு முப்பத்து மூன்று ஆண்டு கழித்து மறுபிறவி எடுத்தது. மலையாளப் படம் ஒன்றுக்குத் தமிழ்நாட்டுக் கொட்டகைகள் அதுவரை காட்டியிராத வரவேற்பு அதற்குக் கிட்டியது.

பாட்டின் அமைப்பை முதலில் நோக்குக. எழுத்தறியாத ஒருவன் தன் அன்பைக் கடிதமாக்க விழைகின்றான். அவன் வாயால் சொல்லச் சொல்ல அவள் எழுதுகின்றாள். எழுதியதை அவள் படிக்கும்போது அது பாட்டாகின்றது. பேச்சு எங்கே முடிந்தது, இசை எங்கே தொடங்கிற்று என்று கோடு கிழிக்க இயலாதவாறு இளையராஜா இரண்டையும் பின்னியுள்ளார். படிக்காதவன் பேச்சுக்கு அலங்காரம் கூடாது, அதே வேளையில் கவிதையும் குறையக் கூடாது என்னும் இருதலைச் சிக்கலை வாலி மிக எளிமையாக அவிழ்த்தார். திக்கியும் தடுமாறியும் வரும் உரைநடையே அங்குக் கவிதையின் நெய். திரைப்பாட்டு வரலாற்றில் இத்தகைய கட்டுமானம் அரிது.

இப்பாட்டைக் கேட்டவுடன் தங்கவயலார்க்கு இன்னொன்று நினைவுக்கு வருதல் இயல்பு. சொல்லச் சொல்ல எழுதும் கடிதம் நமக்குப் புதிதா? கையெழுத்துப் போடத் தெரியாத தொழிலாளி, லைனில் படித்தவர் ஒருவரைத் திண்ணையில் அமர்த்தி, ஊரிலிருக்கும் தாய்க்கும் மனைவிக்கும் செய்தி சொன்ன காலம் இருந்தது. நலம் என்று எழுதச் சொல்லும்போதே அவன் இருமியிருப்பான். அவ்விருமலை எழுதுபவர் எழுதியிருக்கமாட்டார். குணா சொல்லத் தெரியாமல் தவிக்கும் இடங்களில் எல்லாம் அந்த எழுதப்படாத செய்திகளின் நிழல் நமக்குத் தென்படுகின்றது.

மலையாளப் படம் அப்பாட்டை வைத்த இடமோ வியப்பிற்குரியது. கொடைக்கானலில், 'குணா' படம் எடுத்ததனால் குணா குகை என்றே பெயர்பெற்றுவிட்ட பாறைப் பிளவிற்குள், 2006-ஆம் ஆண்டு கேரளத்து இளைஞர் ஒருவர் தவறி வீழ்ந்தார். அவரைக் கைவிட மறுத்த நண்பர்களுள் ஒருவர் கயிறு கட்டி இறங்கி மீட்டு வந்தார். உண்மை நிகழ்ச்சி இது. இயக்குநர் சிதம்பரம் அம்மீட்பைப் படமாக்கி, இருளிலிருந்து அவ்விருவரும் மேலே இழுக்கப்படும் நொடியில் இப்பாட்டை எழுப்பினார். ஆண், பெண் காதலுக்கென்று எழுதிய சொற்கள் ஒரு கணத்தில் நட்பின் சொற்களாயின. ஒரு சொல்லும் மாறவில்லை; வைத்த இடம் மாறிற்று, பொருள் மாறிற்று.

சுரங்க மக்களாகிய நாம் இக்காட்சியை ஏனையோரைப் போல் பார்த்திருக்க இயலுமா? சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது. அவ்வளவு ஆழத்தில் பாறை தன் அழுத்தம் தாளாமல் தானே வெடிக்கும். அவ்வெடிப்பில் வீழ்ந்தவரை எடுத்துவர மீட்புப் படையினர் கூண்டில் இறங்குவர். மேலே நிற்கும் பெண்கள் கூண்டின் கயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பர். கயிறு மேலேறும்போது யார் வருகின்றார், எந்நிலையில் வருகின்றார் என்பது கூண்டுக் கதவு திறக்கும்வரை தெரியாது. இந்தக் காத்திருப்புக்குத் தமிழில் பாட்டில்லை என்று எண்ணியிருந்தோம். கொடைக்கானலில் படமெடுத்த பழம் பாட்டொன்று, கேரளத்தார் வழியாக வந்து, நம் காத்திருப்பின் பாட்டாக அமைந்துவிட்டது. நம்மை நினைத்து வாலி அதனை எழுதவில்லை. எழுதியவர் நினையாத இடத்திற்கும் போய்ப் பயன்படும் பாட்டையே நாம் உயர்ந்த பாட்டு என்கின்றோம்.

அப்பாட்டைப் பயன்படுத்தியது தொடர்பாக அவ்வாண்டு மே திங்களில் இளையராஜா தரப்பினர் வழக்கறிஞர் அறிவிப்பு விடுத்ததும், படத்தார் தாம் உரிமை பெற்றிருப்பதாக விடையிறுத்ததும் செய்தியாயின. உரிமை யார்க்கு என்பதைச் சட்டம் அறிந்தோர் ஆய்க. படைத்தவனைக் கேளாமல் படைப்பை ஆள்வது கூடாதென்னும் கொள்கையளவில் நாம் இசைஞர் பக்கமே நிற்போம்.

இதே ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த 'லப்பர் பந்து' படத்தில், 1989-ஆம் ஆண்டின் 'பொன்மனச் செல்வன்' பாட்டொன்று மீண்டும் ஊரெங்கும் ஒலித்தது. விஜயகாந்தின் இரசிகனாக வரும் கிராமத்து மட்டையாளன் களத்தில் இறங்கும்போதெல்லாம் அப்பாட்டு. 2023 டிசம்பரில் விஜயகாந்த் மறைந்து ஓராண்டு நிறையுமுன் வந்தமையால் அதற்கு இரங்கற்பாவின் சுவையும் ஏறிற்று. ஆகப் பெரிதும் விரும்பப்பட்டவற்றுள் இரண்டு, முப்பது ஆண்டுக்கும் மேற்பட்ட பழைமையுடையன. பழையன எல்லாம் பொன் என்று வாதாட நாம் வரவில்லை. 1989-இலும் 1991-இலும் வந்து மடிந்த வெற்றுப்பாடல்களின் எண்ணிக்கை பெரிது. எஞ்சியவை எஞ்சியதற்குக் காரணம் உண்டு. அவற்றில் வேறொருவர் குடியேற இடம் இருக்கின்றது. இன்றைய ஆரவாரப் பாடல்களுள் பல நாயகரின் பட்டப்பெயரையும் முந்தைய படங்களின் குறிப்பையும் சுவரெல்லாம் ஒட்டி நிரப்பிய வீடுகள். உள்ளே நுழைந்து உட்கார வழியில்லை.

இனி நம் ஊரின் பெயரையே தாங்கிய படங்கள். 2018-இலும் 2022-இலும் வெளிவந்த 'கே.ஜி.எஃப்' கன்னடப் படங்கள் நம் ஊரின் மூன்றெழுத்தை இந்தியா முழுதும் கொண்டுசேர்த்தன. சயனைட் மேட்டில் படம் எடுத்தனர். நாராச்சி என்னும் கற்பனைச் சுரங்கத்தில் கற்பனை அடிமைகள். அவர்களை ஆளவும் மீட்கவும் ஒரே நாயகன். ரவி பஸ்ரூரின் இசையில் பறையும் கூட்டுக்குரலும் மலைபோல் எழுந்தன. தமிழிலும் அப்பாடல்கள் மொழிபெயர்ந்து வந்தன. ஆயினும் அக்கூட்டுக்குரல் முழுதும் ஒருவனையே வாழ்த்துகின்றது. பாடும் கூட்டத்தார் யார், அவர் ஊர் எது, மொழி எது என்று ஒரு சொல் இல்லை. வெளியூர் செல்லும் நம் இளைஞரிடம் ஊர்ப்பெயர் கேட்டோர் உடனே அந்நாயகனைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றனர். நம் பாட்டன்மாரைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அக்குறையைத் தீர்க்க வந்ததாக நாம் எதிர்நோக்கியது 2024 ஆகஸ்டு 15-இல் வெளிவந்த 'தங்கலான்'. பா. இரஞ்சித் இயக்கிய அப்படம் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நிலமிழந்த வட ஆர்க்காட்டு உழைப்பாளி ஒருவன் வெள்ளையனோடு பொன் தேடி இப்பகுதிக்கு வருவதைச் சொல்கின்றது. நம் முன்னோரின் நடையே திரையில் வந்தது என்று தங்கவயல் மகிழ்ந்தது. படத்தின் நிறை குறைகளைப் பேச இது இடமன்று. ஜி. வி. பிரகாஷ்குமார் இசையில் உமாதேவி எழுதி, சிந்தூரி விஷால் பாடிய 'மினிக்கி' என்னும் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பொன் தேடப் போனவன் ஊருக்கு ரவிக்கைகளோடு திரும்புகின்றான். அதுவரை ரவிக்கை அணிந்தறியாத பெண்கள் முதன்முதலாக அணிந்து தம்மைத் தாமே பார்த்து மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சியின் சுழலில் பிறந்த பாட்டு இது. கேட்போர்க்கு ஆடற்பாட்டு, வரலாறு அறிந்தோர்க்கு அதனினும் பெரிது. மார்பை மறைக்கும் துணிக்காகத் தென்திருவிதாங்கூரில் 19-ஆம் நூற்றாண்டில் பெண்கள் போராடி அடியும் பட்டனர். ஒரு முழத் துணியில் எவ்வளவு மானம் அடங்கியிருக்கின்றது என்பதை உணர்ந்தவர் உமாதேவி. 'கபாலி'யில் மாயநதியைப் பாடிய அதே கவிஞர் இங்கு வேறொரு குரலை ஏற்றுள்ளார். புலம்பலுக்கு இடம்தராமல் மினுக்கத்தைத் தேர்ந்தார். இழிவை நினைவூட்டி இரக்கம் வேண்டும் பாட்டு எளிது. இழிவு நீங்கிய முதல் நாளின் களிப்பைப் பாடுதல் அரிது. தாளமும் அதற்கேற்பத் துள்ளுகின்றது. ஆண்டின் புதுப்பாடல்களுள் முதலிடம் எதற்கு என்று வினவின் நாம் இதனையே சுட்டுவோம்.

நம் குறை வேறிடத்தில் உள்ளது. 'தங்கலான்' கதை நிற்கும் காலம் ஆழ்சுரங்கங்கள் பிறவாத காலம். கூண்டும் விளக்கும், ஷிப்டு மாறும் சங்கொலியும், துளைப்பொறியின் தூசு நுரையீரலில் படிந்து கொல்லும் சிலிக்கோசிசும் அக்கதைக்குப் பின்னர் வந்தவை. 1880 முதல் 2001 வரையிலான 121 ஆண்டின் உழைப்பு எந்தத் திரைப்பாட்டிலும் வரவில்லையே என்று ஏங்குகின்றோம். படத்தார்மேல் பழி சுமத்த இதனைக் கூறவில்லை. உழைப்பைப் பாட்டாக்கத் தமிழ்த் திரைக்கு இயலும் என்பதற்கு அதே ஆண்டு சான்று உண்டு. ஆகஸ்டு 23-இல் வெளிவந்த மாரி செல்வராஜின் 'வாழை' படத்தில், வாழைத்தார் சுமக்கும் சிறுவரும் பெண்டிரும் தாருக்கு ஒரு ரூபாய் கூலி உயர்வு கேட்டுப் போராடுகின்றனர். முடிவில் லாரி விபத்தில் பலர் மடிகின்றனர். அவ்வுடல்களின்முன் எழும் 'பாதவத்தி' ஒப்பாரியைச் சந்தோஷ் நாராயணன் பெரிய வாத்தியங்களால் மூடாமல் விட்டார். இழவு வீட்டு முற்றத்தில் கேட்பது போன்றே கேட்கின்றது. சுரங்கச் சாவுகளைக் கண்ட தங்கவயல் பெண்டிர் அதனைப் பாட்டென்றே கொள்ளமாட்டார்கள்.

உலகில் பிற சுரங்கத்தார் என்ன செய்தனர் என்பதையும் ஈண்டுக் கூறவேண்டும். அன்று ரொடீசியா எனப்பட்ட நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்கு இரயிலேறிச் சென்ற கூலியாட்கள் 'ஷோஷலோஷா' என்றொரு பாட்டைத் தம் பல்வேறு மொழிகளைக் கலந்து கட்டினர். முதல்வன் ஓரடி பாட ஏனையோர் வாங்கிப் பாடுவர்; பாட்டின் வேகமே இரயிலின் வேகம், சம்மட்டியின் வேகம். 1995-இல் அந்நாட்டில் நடந்த உலக ரக்பிப் போட்டியின்போது நாடே அதனைப் பாடியது. இலங்கையின் மலையகத்தில் ஸி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத் தமிழரின் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கினார். கூலிக்காகக் கடல் கடந்தோரின் பாட்டு அதனால் காக்கப்பட்டது. பங்காருப்பேட்டை வழியாக மேட்டுநிலம் ஏறிய நமக்கு அத்தகைய தொகுப்பு ஒன்று வேண்டும். அச்சும் நூலும் இவ்வூர்க்கு அயலானவை அல்ல. அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய 'தமிழன்' இதழை 1920-களில் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்தே நடத்தினார். சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. அந்த ஊக்கத்தில் ஒரு பங்கு வேலைப்பாட்டின் பக்கம் திரும்பினால் போதும்.

மலேசியா வாசுதேவனின் குரலை மீட்ட அறிவியல், முன்பே பதிவான குரலைக் கொண்டுதான் அதனைச் செய்தது. பதியாத குரலை எந்தப் பொறியும் மீட்டுத் தராது. கடைசி ஷிப்டில் முப்பது வயதினராக மேலேறி வந்தவர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார். அவர்க்குத் தொழில் கற்பித்த மூத்தோருள் எஞ்சியவர் சிலரே. பாரம் தள்ளும்போது சேர்ந்திசைத்த அடிகள், பண்டிகை நாளில் லைனில் பாடிய கேலிப்பாட்டுகள், இழவு வீட்டில் சாம்பியன் ரீஃப் ஆழத்தைச் சொல்லி அழுத ஒப்பாரிகள் எவையேனும் நினைவில் உள்ளோர் வீட்டுப் பிள்ளைகளிடம் பாடிக் காட்டுவார்களாக. தெலுங்குச் சொல் கலந்திருந்தாலும் வசைச்சொல் கலந்திருந்தாலும் திருத்தவேண்டா. அடிகள் மறந்து மெட்டு மட்டும் நினைவிருந்தால் மெட்டையேனும் முனகலாம். இரயிலில் பாட்டுக் கேட்கும் அந்தக் கைப்பேசியிலேயே பதிவு செய்யும் பொத்தானும் இருக்கின்றது.